மகாசபை விருந்தில் பழத்தட்டு

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது வேலப்பன்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். வந்தோரை உபசரித்தலைப் பெயரிலேயே தாங்கிய இவ்வூரில், நெசவாளரும் தோட்டக்காரரும் அங்கத்தினராயுள்ள சங்கமொன்றின் ஆண்டு மகாசபைக்கு நாம் சென்ற ஆண்டு போயிருந்தோம். கணக்குகள் செம்மையாக இருந்தன. பங்கு ஈவும் அறிவிக்கப்பட்டது. நாம் கண்ட குறை ஒன்றே. அது சபை முடிந்தபின் வைக்கப்பட்ட பழத்தட்டு.

காலை ஏழு மணிக்கு நறுக்கிய பழங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே வந்தன. ஆப்பிள் பழுப்பேறியிருந்தது, வாழைத் துண்டுகள் கறுத்திருந்தன, தர்பூசணியின் நீர் தட்டெங்கும் பரவ, கொய்யாவும் பப்பாளியும் அதில் ஊறிக் கிடந்தன. முதல் துண்டை எடுத்தவர்கள் இரண்டாம் துண்டை எடுக்கவில்லை. அந்தக் கொய்யாவும் பப்பாளியும் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் தோட்டத்தில் விளைந்தவை. தட்டுகள் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கப்படுவதை அவர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வருஷம் பிஸ்கோத்தே வாங்கிவிடலாம்" என்று யாரோ கூறியது அவர் காதிலும் விழுந்தது. பழத்தில் குறையில்லை, குறை கையாண்ட முறையில். ஆயினும் பழி விளைவித்தவர் மீது விழுந்தது.

இவ்வாண்டு மகாசபைக்கு முன் நிர்வாகக் குழுவினர் நம்மிடம் யோசனை கேட்டனர். அவர்களுக்கு நாம் கூறியவற்றைப் பிற சங்கங்களுக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறோம்.

முதலாவது அளவு. நாளொன்றுக்கு ஒருவர் 100 கிராம் பழம் உண்ணவேண்டும் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. விருந்துக்கு ஆளுக்கு 150 கிராம் என வைத்தால் 40 பேருக்கு 6 கிலோ நறுக்கிய பழம் வேண்டும். தோல், கொட்டை, தண்டு ஆகியவை கழியும். அன்னாசியில் ஏறக்குறையப் பாதி கழிந்துவிடும். எனவே 9 அல்லது 10 கிலோ வாங்குவது தகும். அதற்கு மேல் வாங்குவது வீண்செலவு.

இரண்டாவது கொள்முதல். அங்கத்தினர் தோட்டங்களில் என்ன பழுத்திருக்கிறது என்று முதலில் கேட்கவேண்டும். அங்குக் கிட்டாதவற்றுக்கு மட்டுமே கோயம்பேடு செல்லலாம். தோலில் வடு இருந்தால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். தோல் சீவி நறுக்கும் தட்டிலோ அவ்வடு தெரிவதே இல்லை. ஆகவே சந்தையில் விலைபோகாத நல்ல பழத்துக்கு நியாய விலை கொடுக்கச் சங்கத்துக்கு இது ஒரு வாய்ப்பு. அழுகியதும் பூஞ்சணம் பூத்ததும் மட்டும் ஆகா. கார்பைடு கல் வைத்துப் பழங்களைப் பழுக்கவைப்பது 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. அறிந்தவர் தோட்டத்துப் பழமெனில் அந்த அச்சமும் இல்லை.

மூன்றாவது சுத்தம். பழத்தை முழுதாக ஓடும் நீரில் கழுவித் துடைத்த பிறகே நறுக்கவேண்டும். தர்பூசணியின் தோலைத்தான் உண்பதில்லையே என்று கழுவாமல் விடுவோர் உண்டு. தோலிலுள்ள அழுக்கைக் கத்தி சதைக்குள் கொண்டுபோகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. மீனும் இறைச்சியும் வெட்டிய பலகையும் கத்தியும் பழத்துக்கு உதவா.

நான்காவது நேரம். நறுக்கிய பழத்தை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தல் தகாது. கடும் வெயிற்காலத்தில் ஒரு மணியே எல்லை. மூடிய பாத்திரத்தில் இட்டுப் பனிக்கட்டியின்மேல் வைத்தால் சிறிது நேரம் கூடுதலாகத் தாங்கும். வெட்டுப்பட்ட சதையில் காற்றுப் படுவதாலேயே ஆப்பிளும் வாழையும் நிறம் மாறுகின்றன. ஒரு குவளை நீரில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஆப்பிள் துண்டுகளை அதில் நனைத்து எடுத்தால் மாற்றம் தாமதப்படும். வாழையைக் கடைசியில், பரிமாறும் வேளையில் நறுக்குவதே நலம்.

ஐந்தாவது அடுக்கும் முறை. இதை நெசவாளருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. உடலுக்கு எந்த நிறம், கரைக்கு எந்த நிறம் என்று நாள்தோறும் எண்ணுபவர்கள் அவர்கள். அகன்ற தாம்பாளத்தில் ஈரம் துடைத்த வாழையிலையை விரித்து, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைச் சிறு கொத்துகளாகக் கத்தரித்துச் சுற்றிலும் கரையாக வைக்கலாம். இத்திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. உள்ளே செம்மஞ்சள் பப்பாளி, அடுத்து வெண்கொய்யா, அதற்கடுத்து மஞ்சள் அன்னாசி என்று நிறம் மாற்றி அடுக்கினால் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும். நீர் விடும் தர்பூசணிக்குத் தனிக் கிண்ணமே ஏற்றது. துண்டுகள் ஒரே வாயில் கொள்ளும் அளவில் இருக்கட்டும். பல் தளர்ந்த பெரியோர் அமரும் பக்கமாகப் பப்பாளியைத் திருப்பி வையுங்கள். எடுப்பதற்கு முள்கரண்டியும் அருகே இருக்கட்டும்.

இவ்வாண்டு மகாசபையில் தட்டை அடுக்கியவர்கள் இரண்டு நெசவாள அம்மையார்கள். கொய்யா நறுக்க அமர்ந்தவர், சென்ற ஆண்டு சுவரோரம் நின்ற அதே தோட்டக்காரர். தலைவர் நன்றியுரை கூறத் தொடங்கியபோது நறுக்க ஆரம்பித்து, கூட்டம் கலையுமுன் தட்டை வெளியே கொண்டுவந்தனர். கால் மணிக்குள் இலை தெரிந்தது. "இது யார் தோட்டத்துக் கொய்யா?" என்று கேட்டவர்கள் பலர். மறுநாளே மூவர் அவரிடம் வீட்டுக்குப் பழம் வேண்டுமென்று சொல்லியனுப்பினர்.

பழம் கொடுத்த அங்கத்தினருக்கு அன்றே பணம் வழங்கப்பட்டுப் பற்றுச்சீட்டு பெறப்பட்டிருந்தது. அதையும் நாம் பார்வையிட்டோம். செலவு சென்ற ஆண்டைவிடக் குறைவு. மிஞ்சியவை தோலும் கொட்டையும் மட்டுமே. அவற்றையும் தோட்டக்காரர் ஒரு கோணியில் கட்டித் தம் உரக்குழிக்கு எடுத்துச் சென்றார்.