பொருத்து வீடும் கணிப்பு மென்பொருளும்: தெரிவின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள குறிஞ்சிப்பிட்டி பெயரளவில் மலைநிலத்தை நினைவூட்டுவது. நிலத்தளவில் அது நெய்தல். ஒருபுறம் புத்தளக் களப்பு, மறுபுறம் கடல், இடையே மணலும் உப்புக் காற்றும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர்; கிடுகுக் குடிசைகளிற் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். 2007 இல் உலக வங்கியின் நிதியுடன் ஆரம்பமான புத்தளம் வீடமைப்புத் திட்டம் கட்டங் கட்டமாகப் பணம் வழங்கிக் குடும்பங்களே தம் வீட்டைக் கட்டும் முறையைக் கைக்கொண்டது. இத்தகைய மண்ணில் வீடு வெறும் பொறியியற் பொருளன்று. அது ஒரு சமூக உறவு.

தொழிற்சாலையில் அலகு அலகாகச் செய்து களத்திற் பொருத்தும் கட்டடங்களை உற்பத்தி செய்யும் நிறுவனமொன்று, தனது கட்டமைப்பு வடிவமைப்பு மென்பொருளை எவ்வடிப்படையில் தெரிவு செய்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவருக்கு இதில் என்ன வேலை என்ற ஐயம் எழலாம். திணைக் கோட்பாடு முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் அடிப்படையாகக் கொள்வது. அக்கோட்பாட்டைப் பண்டைத் தமிழகத்தின் சமனற்ற சமூக வளர்ச்சியுடன் இணைத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் விளக்கினார். கருவிகளையும் அவ்வாறே நிலத்திலிருந்தும் உற்பத்தி உறவுகளிலிருந்தும் தொடங்கி நோக்குதல் தகும்.

மென்பொருள் தானே சிந்திப்பதில்லை. அது, வேறோரிடத்தில் வேறொரு தேவைக்காகச் செலவிடப்பட்ட மூளையுழைப்பின் உறைந்த வடிவம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் 1970 இல் எட்வேட் வில்சன் உருவாக்கிய ‘சாப்’ நிரல் பல்கலைக்கழக ஆய்வின் விளைபொருள். அவ்வழி வந்த சாப் 2000, ஈடாப்ஸ் ஆகியன இன்று தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பண்டங்கள். சமூக உழைப்பில் விளைந்த அறிவு, உரிமக் கட்டணம் என்ற வாடகையாகச் சிறு உற்பத்தியாளரிடம் திரும்பி வருகிறது. இப்பண்டங்களின் பயனைக் குறைத்து மதிப்பிடுவதன்று நமது நோக்கம். அவற்றுள் உறைந்திருக்கும் எடுகோள்களை இனங்காண்பதே நோக்கம்.

முதலாவது எடுகோள் தளம் பற்றியது. ஈடாப்ஸ் பலமாடிக் கட்டடங்களுக்கென வளர்க்கப்பட்டது. களத்தில் வார்க்கப்படும் கொங்கிறீற்றுத் தளம் முழுவதையும் விறைப்பான ஒரே தகடாகக் கொள்வது அத்தகைய கட்டடங்களுக்குப் பொருந்தும். அலகுக் கட்டடத்திலோ ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனித் தளமுண்டு. அவை பெரும்பாலும் மூலைகளில் மட்டுமே இணைகின்றன. பழைய எடுகோளை அப்படியே ஏற்றால், காற்றின் விசையை இல்லாத தகடொன்று பகிர்ந்தளிப்பதாகக் கணக்கு வரும். எனவே இணைப்புகளின் நெகிழ்ச்சியை நாமே உட்செலுத்தக் கூடிய மென்பொருளே இங்கு வேண்டப்படுவது.

இணைப்பின் முதன்மையை வரலாறு உணர்த்தியுள்ளது. 1968 மே 16 இல் கிழக்கு இலண்டனில் ‘றோனன் பொயின்ற்’ என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18 ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. முன்கூட்டியே வார்த்துப் பொருத்தப்பட்ட சுவர்ப் பலகைகள் வெளியே தள்ளப்பட, தாங்கலிழந்த மேல்மாடிகள் சரிந்து, ஒரு மூலை முழுவதும் கீழ்வரை இடிந்தது. நால்வர் இறந்தனர். பலகைகள் வலிமையாகவே இருந்தன. அவற்றைப் பிணைத்த இணைப்புகளே வலிமையற்றிருந்தன. அரசின் அவசர வீடமைப்பில் அங்குக் குடியேறியோர் உழைக்கும் மக்கள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது எடுகோள் காலம் பற்றியது. வழமையான கணிப்பு, கட்டி முடிந்த கட்டடத்தையே காண்கிறது. பொருத்து அலகோ தொழிற்சாலையிற் பாரந்தூக்கியில் தொங்குகிறது, பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிய வீதியில் லொறியிற் குலுங்குகிறது, மணல்மேல் இறக்கப்படுகிறது. நான்கு மூலைகளில் நிற்கும்போது அமுங்கும் உறுப்பு, தூக்கும்போது இழுபடலாம். படிநிலை ஒவ்வொன்றையும் தனித்தனியே கணிக்கும் வசதி இன்றியமையாதது.

மூன்றாவது, நிலமும் காற்றும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியின் பின்னர், இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து 1980 இல் வழிகாட்டி நூலொன்று வெளியிடப்பட்டது. இத்தகைய உள்நாட்டுத் தரவுகளைப் பொறியியலாளரே உட்செலுத்துதல் வேண்டும். காற்று வினாடிக்கு 33 மீற்றர் வேகத்தில் வீசின், அதன் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 670 நியூட்டன். மெல்லிய தகட்டுக் கூரையின் எடை அதே பரப்பில் ஏறத்தாழ 50 நியூட்டன் மட்டுமே. அழுத்தத்தின் பாதி மேலிழுப்பாக மாறினும் கூரையைப் பிடித்து நிற்பது அதன் எடையன்று. ஆணியும் நங்கூரமும் அத்திவாரமுமேயாம். துருவும் இத்தகையதே. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு 0.2 மில்லிமீற்றரை இழந்தால் ஐந்திலொரு பங்கு போய்விடும்; ஆறு மில்லிமீற்றர் தகட்டில் அது முப்பதிலொரு பங்கு. மென்பொருளோ தரப்பட்ட தடிப்பையே நம்பும். உப்புக் காற்றை நாம் சொன்னாலன்றி அது அறியாது.

இவ்வினாக்கள் வெறும் கற்பனையல்ல. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் வடக்கு கிழக்கில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை ஆசெலோர் மிட்டல் என்ற பன்னாட்டு நிறுவனத்தின் மூலம் அமைக்க அரசு முற்பட்டது. வீடொன்றின் விலை தொடக்கத்தில் ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனக் கூறப்பட்டது. இதன் பாதிச் செலவிற் கல்வீடு கட்டலாம் என்ற வாதம் எழுந்தது. அத்திவாரம், வெப்பம், துரு, பின்னர் விரிவாக்க இயலாமை ஆகியன பற்றிப் பொறியியல் அறிஞர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேள்வி எழுப்பினர். அத்திட்டம் திட்டமிட்ட அளவில் நிறைவேறவில்லை. சட்டகத்தின் வலிமைக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அடுப்பு எங்கே, மகளுக்கு மணமானால் அறை எங்கே, உள்ளூர் மேசனுக்கு வேலை எங்கே என்ற கேள்விகளுக்கு அக்கணக்கில் இடமில்லை என்பதே இதன் பாடம்.

கணக்கின் துல்லியம் உண்மைக்கு ஈடாகாது என்பதற்கும் சான்றுண்டு. 1991 ஓகஸ்ட் 23 இல் நோர்வேயில் ‘சிலைப்னர் ஏ’ என்ற கடல்மேடையின் கொங்கிறீற்று அடித்தளம் மூழ்கியது. கணினிப் பகுப்பாய்வு, முக்கிய சுவர்களில் எழும் வெட்டுத் தகைப்பை 47 சதவீதம் குறைத்து மதிப்பிட்டிருந்தது. விபத்தின் பின் செய்த நுணுக்கமான கணிப்பு 62 மீற்றர் ஆழத்தில் முறிவு நேருமெனக் காட்டிற்று. உண்மையில் அது நேர்ந்தது 65 மீற்றரில். மென்பொருள் அறியாமையிலிருக்கவில்லை, அதனிடம் செம்மையாகக் கேட்கப்படவில்லை.

ஆகவே தெரிவு விலைப்பட்டியலிலிருந்து தொடங்குதல் கூடாது. நிறுவனம் முதலில் தான் செய்யும் மிக எளிய அலகொன்றைக் கையாற் கணித்து, அதே அலகை ஒவ்வொரு மென்பொருளிலும் இட்டு ஒப்பிடுதல் வேண்டும். பொதுநோக்குச் சட்டகப் பகுப்பாய்வுக்குச் சாப் 2000, ஸ்டாட் புரோ போன்றன ஏற்றவை. பாகங்களின் தயாரிப்பு வரைபடங்களுக்கு டெக்லா ஸ்ரக்சர்ஸ் போன்ற வேறு கருவி வேண்டப்படும். மெல்லிய தகட்டு உறுப்புகளின் நெளிவைச் சோதிக்கும் ஆற்றல் தனியே உறுதி செய்யப்படல் வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நெடுங்காலம் பயின்ற பிரித்தானிய நியமங்கள் பல 2010 இல் மீளப்பெறப்பட்டு ஐரோப்பிய நியமங்கள் அவற்றினிடத்தைப் பெற்றமையால், எந்த நியமத்தின்படி சோதிக்கிறது என்பதும் கேட்கப்படவேண்டியதே. பிரான்சின் மின்சார நிறுவனம் உருவாக்கிய ‘கோட் ஆஸ்ரர்’ 2001 முதல் கட்டற்ற உரிமத்திற் கிடைக்கிறது. வாடகைக்கு மாற்று இல்லை என்பது பொய். எனினும் அதனைக் கற்றுத் தேற உழைப்பும் காலமும் வேண்டும்.

இவையனைத்திலும் முதன்மையானது, வினாப்பட்டியலை வரைவோர் யார் என்பதாகும். கொள்வனவு அதிகாரியும் விற்பனைப் பிரதிநிதியும் மட்டும் அதனை வரைந்தால், விலையும் வேகமும் மட்டுமே அளவுகோலாகும். அலகைத் தூக்கும் தொழிலாளியும், இணைப்பை முறுக்கும் கைவினைஞரும், குறிஞ்சிப்பிட்டியின் உப்புக் காற்றில் அவ்வீட்டிற் குடியிருக்கப்போகும் குடும்பமும் அப்பட்டியலில் தம் வினாக்களைச் சேர்த்தல் வேண்டும். அவர்கள் அறிந்த காற்றையும் துருவையும் மணலையும் எண்களாக மாற்றித் தருவதே பொறியியலாளரின் கடமை. அதற்கு இடங்கொடுக்கும் மென்பொருளே சரியான தெரிவு எனலாம்.