பெயர் தப்பிய அஞ்சல் எங்கே போகிறது?

துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். புனேயில் உள்ள கம்பெனி ஒன்று அவருக்கு அனுப்பிய என்கொயரி, மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து மாறிப்போனதால் வந்து சேரவில்லை. கொட்டேஷன் கொடுக்க வேண்டிய தேதி கடந்த பிறகு, "ஏன் பதிலே இல்லை?" என்று அவர்கள் போனில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. அனுப்பியவர்களுக்கும் அஞ்சல் திரும்பி வரவில்லை. வெப்சைட் போட்டுக் கொடுத்தவரிடம் சொன்னதற்கு, "கேட்ச்-ஆல் போட்டுடலாம் சார். எந்தப் பேருக்கு வந்தாலும் உங்க இன்பாக்ஸுக்கே வந்துடும்" என்றாராம். போடலாமா, போட்டால் கெடுதல் உண்டா என்று கேட்கிறார்.

போடலாம். ஆனால் அந்தப் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் கேட்ச்-ஆல் இல்லாமல் இருப்பதே நல்லது.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. திருச்சி கைலாசபுரத்தில் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் வந்த பிறகு துவாக்குடி, மாத்தூர், வாழவந்தான்கோட்டை வட்டாரத்தில் முளைத்த யூனிட்டுகள் பெரும்பாலும் பெல் ஆர்டரை வைத்தே வளர்ந்தவை. அப்போதெல்லாம் டிராயிங் வாங்கவும் பில் கொடுக்கவும் ஓர் ஆள் நேரில் போய்வந்தால் வேலை முடிந்துவிடும். இன்று வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் ஆர்டர் தேட வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பவருக்கு நம்மைப் பற்றித் தெரிந்ததெல்லாம் விசிட்டிங் கார்டில் இருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரிதான்.

டொமைன் வாங்குவது, ஹோஸ்டிங் எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நேராக @ குறிக்கு வருகிறேன். அதற்கு வலப்பக்கம் இருப்பதை உலகத்தில் எந்த சர்வரும் விசாரித்துக்கொள்ளலாம். டொமைன்களின் பொது முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் என்று ஒரு பதிவு இருக்கும். இந்த டொமைனுக்கான அஞ்சலை இந்த சர்வரிடம் கொடு என்று அது சொல்லும். 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய விதியிலிருந்து இந்த ஏற்பாடு நடந்துவருகிறது. @ குறிக்கு இடப்பக்கம் இருப்பதைப் பற்றி வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. அது யார், அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று சொல்லும் உரிமை அஞ்சலை வாங்கும் சர்வருக்கு மட்டுமே உண்டு.

620014 என்ற பின்கோடு ஒரு கடிதத்தைக் கைலாசபுரம் தபால் நிலையம் வரை கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் குவார்ட்டர்ஸ் எண் வேண்டும். எண் இல்லாமல் அப்பா பெயரும் 'பெல் டவுன்ஷிப், திருச்சி-14' என்பதும் மட்டும் போட்டு எங்கள் வீட்டுக்குக் கடிதங்கள் வந்ததுண்டு. தபால்காரர் நாலு பேரிடம் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மின்னஞ்சல் சர்வருக்கு விசாரிக்கத் தெரியாது. கையில் உள்ள பட்டியலில் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கேட்ச்-ஆல் என்பது அந்தப் பட்டியலில் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு வரி: இதில் இல்லாத எந்தப் பெயருக்கு வந்தாலும் இன்னாரிடம் கொடு. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற புகழ்பெற்ற அஞ்சல் மென்பொருளில் இந்த வரி வெறும் @ குறியிலேயே தொடங்கும். இடப்பக்கம் காலியாக இருக்கும். காலி என்றால் யாராக இருந்தாலும் சரி என்று பொருள்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சங்கதி, இரண்டு சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றும்போது நடத்தும் உரையாடல். 1982 ஆகஸ்டில் ஜொனாதன் போஸ்டல் எழுதிவைத்த முறை. மேலே எத்தனையோ பாதுகாப்புகளைச் சேர்த்தாலும் எலும்புக்கூடு அதேதான். அனுப்பும் சர்வர் முதலில் தன் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். அடுத்து, அஞ்சல் யாரிடமிருந்து என்று சொல்லும். மூன்றாவதாக, யாருக்கு என்று சொல்லும். இதுவரை கடிதத்தின் ஒரு வரிகூடக் கைமாறவில்லை என்பதைக் கவனியுங்கள். வாங்கும் சர்வர் இந்த இடத்தில் தன் பட்டியலைப் பார்க்கிறது. பெயர் இருந்தால் 250 என்ற எண்ணைச் சொல்லும். சரி என்று அர்த்தம். இல்லையென்றால் 550, அப்படி யாரும் இங்கே இல்லை. 550 கேட்டதும் அனுப்பும் சர்வர் திரும்பிப் போய், தன் வீட்டுக்காரருக்கே ஒரு தகவல் எழுதிவைக்கும்: நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவில்லை. நமக்கு வரும் அந்த 'டெலிவரி ஃபெயிலியர்' அஞ்சலை, மறுத்த சர்வர்தான் எழுதுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இப்படி ஆரம்பத்திலேயே மறுத்துவிட்டால், எழுதுவது நம் பக்கத்துச் சர்வர்.

250 கிடைத்தால் கடிதம் முழுவதும் வரிவரியாகப் போகும். முடிந்தது என்பதற்கு அடையாளம், ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி. (கடிதத்திலேயே ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் என்ன செய்வது? அனுப்பும் சர்வர் முன்னால் இன்னொரு புள்ளி சேர்க்கும், வாங்கும் சர்வர் அதை எடுத்துவிடும். 1982லேயே இதை யோசித்துவைத்திருக்கிறார்கள்.) அந்தப் புள்ளிக்கு மறுமொழியாக வாங்கும் சர்வர் மறுபடி 250 சொல்கிறதே, அதன் கனம் மிகப் பெரியது. இனி இந்தக் கடிதம் என் பொறுப்பு. உரியவரிடம் சேர்ப்பேன், முடியாவிட்டால் சொல்லி அனுப்புவேன் என்ற வாக்குறுதி அது. சர்வர் பிறகு படுத்துவிட்டது என்பதற்காகக்கூட அஞ்சலைத் தொலைக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் விதி கண்டிப்பாகச் சொல்கிறது.

கேட்ச்-ஆல் போட்ட சர்வர் எந்தப் பெயருக்கும் 250 சொல்லும். அனுப்பியவர், போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார். அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லையென்றால் நாம் அவருக்குப் பொய் சொல்லியிருக்கிறோம். 550 சொல்லியிருந்தால் சில நிமிடங்களில் அவர் தன் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பியிருப்பார், அல்லது போன் எடுத்திருப்பார்.

நம் வாசகருக்கு நடந்ததும் அநேகமாக இதன் இன்னொரு வடிவம்தான். அனுப்பியவர்களுக்கு எதுவும் திரும்பி வரவில்லை என்கிறார். அப்படியானால் அவருடைய சர்வர் 550 சொல்லவில்லை, அஞ்சலை வாங்கி எங்கேயோ போட்டிருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். குறைந்த விலை ஹோஸ்டிங்கில் பரவலாக இருக்கும் சிபேனல் என்ற நிர்வாக மென்பொருளில் 'டிஃபால்ட் அட்ரஸ்' என்றொரு பக்கம் உண்டு. பெயர் தெரியாத அஞ்சலைப் பிழைச் செய்தியோடு மறுக்கலாம், ஒரு முகவரிக்குத் திருப்பிவிடலாம், சத்தமில்லாமல் அழிக்கலாம். கடைசியில் சொன்னதற்குப் பெயரே 'பிளாக்ஹோல்'. பரிந்துரைக்கவில்லை என்று சிபேனலே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஸ்பாம் தொல்லை தாங்காமல் யாரோ என்றோ ஒருநாள் அதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஸ்பாம் தொல்லை உண்மையானது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ரவி, குமார், சேல்ஸ், அட்மின், அக்கவுன்ட்ஸ் என்று ஆயிரக்கணக்கான பெயர்களை வரிசையாகப் போட்டு அனுப்பிப் பார்ப்பதே ஸ்பாம்காரர்களின் தொழில். கேட்ச்-ஆல் அத்தனைக்கும் சரி சொல்லும். வந்ததை அப்படியே உங்கள் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுகிறீர்கள் என்றால் இன்னும் மோசம். ஸ்பாமை அனுப்புவது உங்கள் சர்வர்தான் என்று கூகுளின் கணக்கில் பதிவாகும். கொஞ்ச நாளில் நீங்கள் அனுப்பும் நல்ல கொட்டேஷனும் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். முதலில் வாங்கிக்கொண்டு அப்புறம் திருப்பி அனுப்புவதும் ஆகாது. ஸ்பாமில் அனுப்பியவர் முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமில்லாத ஒருவருக்குப் போய் அது விழும். மறுப்பதாக இருந்தால், யாருக்கு என்று சொல்லும் அந்த மூன்றாவது வாக்கியத்திலேயே மறுத்துவிட வேண்டும்.

அந்த வாசகருக்கு நான் சொல்வது இது: கேட்ச்-ஆலுக்குப் பதில் மாற்றுப் பெயர்களை எழுதுங்கள். அலையஸ் என்பார்கள், சிபேனலில் இதற்குப் பெயர் 'ஃபார்வர்டர்'. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது தப்புகிற இடங்கள் நமக்கே தெரியும். லட்சுமிக்கு எத்தனை எழுத்துக்கூட்டு, செந்திலில் எச் உண்டா இல்லையா, ஆறுமுகத்துக்கு ஏ ஒன்றா இரண்டா. பர்சேஸ், என்கொயரி ஆகிய சொற்களிலும் தவறு வரும் இடங்கள் எண்ணிவிடக்கூடியவை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பதினைந்து இருபது வடிவங்களை எழுதி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்துவிடலாம். மற்றதெல்லாம் 550. கூடவே 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரியும் வேலை செய்ய வேண்டும். அஞ்சல் வாங்கும் எந்த டொமைனிலும் அது இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. நான் பார்த்த யூனிட் டொமைன்களில் அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

தனியாளாக ஒரு டொமைன் வைத்திருப்பவருக்குக் கேட்ச்-ஆல் நல்ல கருவி. ஒவ்வொரு கடைக்கும் செயலிக்கும் அந்தந்தப் பெயரிலேயே ஒரு முகவரி கொடுத்துவிடலாம். முன்கூட்டி உருவாக்க வேண்டியதில்லை. நகைக்கடைக்குக் கொடுத்த முகவரிக்கு லோன் விளம்பரம் வந்தால் யார் விற்றார்கள் என்று தெரிந்துவிடும். சென்னை ஜோஹோவின் மெயில் சேவையிலும் கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் நிர்வாகப் பக்கத்திலேயே இந்த வசதி இருக்கிறது.

நாம் போடாத கேட்ச்-ஆலும் ஒன்று உண்டு. 2011இல் கோடாய் குரூப் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இருவர், பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் டொமைன்களில் ஒரு புள்ளி விடுபட்டால் வரும் பெயர்களை வாங்கி, கேட்ச்-ஆல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஆறு மாதத்தில் 1,20,000 அஞ்சல்கள் வந்து விழுந்தன, 20 ஜிபி. கடவுச்சொற்களும் வணிக ரகசியங்களும் அதில் இருந்தன. எதையும் உடைத்து அவர்கள் உள்ளே போகவில்லை.

அதைவிட எளிதானது, நீங்கள் கைவிட்ட டொமைனை வாங்குவது. புதுப்பிக்காத டாட் காம் டொமைன் சில வாரங்கள் காத்திருப்பில் இருந்துவிட்டு யார் வேண்டுமானாலும் வாங்கும்படி வெளியே வந்துவிடும். வாங்குகிறவர் கேட்ச்-ஆல் போட்டால், உங்கள் பழைய ஊழியர்கள் அத்தனை பேருக்கும் வரும் அஞ்சல் அவருக்குப் போகும். ஜிஎஸ்டி, உத்யம், ஜெம் போர்ட்டல், வங்கி என்று எங்கெல்லாம் அந்த முகவரியைப் பதிந்தீர்களோ அங்கிருந்து வரும் கடவுச்சொல் மாற்றும் அஞ்சலும் சேர்த்துத்தான். லேத்துக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடத் தவறாத முதலாளிகள், ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்ச ரூபாய் கட்டணமுள்ள டொமைனை வேலையை விட்டுப்போன பையனின் மின்னஞ்சலில் பதிந்துவைத்து, நினைவூட்டல் வராமல் இழக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. டொமைன் நிறுவனத்தின் சொத்து. அது உரிமையாளர் பெயரில், அந்த டொமைனைச் சாராத இன்னொரு மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஜிமெயிலிலிருந்து, உங்கள் நிறுவன டொமைனில் இல்லவே இல்லாத ஒரு பெயருக்கு ஓர் அஞ்சல் அனுப்புங்கள். சில நிமிடங்களில் 'முகவரி இல்லை' என்று திரும்பி வந்தால் உங்கள் சர்வர் ஒழுங்காக இருக்கிறது. திரும்பி வரவில்லை, உங்கள் எந்தப் பெட்டியிலும் காணவில்லை என்றால், ஹோஸ்டிங் பார்ப்பவரைக் கூப்பிட்டு, 'டிஃபால்ட் அட்ரஸ்' பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள். பிளாக்ஹோல் என்று பதில் வந்தால் அவர் போனை வைப்பதற்குள் அதை மாற்றச் சொல்லுங்கள்.