தடுப்பணையைத் தூர் வாருவது யார்? நீர்வடிப்பகுதிக் குழுவா, ஊராட்சியா?

'எங்கள் ஊரில் நீர்வடிப்பகுதித் திட்டம் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. தடுப்பணையில் மண் மேவிக் கிடக்கிறது. குழுவைக் கேட்டால் ஊராட்சியைக் கேளுங்கள் என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால் அது குழுவின் வேலை என்கிறார்கள். பேசாமல் குழுவை ஊராட்சியோடு சேர்த்துவிடலாமா?'

கல்லாவி பக்கத்திலிருந்து வந்த இந்தக் கேள்விக்கு, கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மானாவாரி ஊர்கள் பலவற்றிலும் இதே சிக்கல்தான்.

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். கேழ்வரகும் நிலக்கடலையும் மாந்தோப்பும் உள்ள மேட்டு நிலத்தில் வரப்பு உடைந்திருந்தால், அந்தத் தண்ணீர் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். மண் மேவிய தடுப்பணையில் அது நிற்காது. கீழே இருக்கும் கிணற்றுக்காரர்தான் கோடையில் அதன் விலையைக் கொடுப்பார்.

யார் பொறுப்பு என்ற குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஹனுமந்த ராவ் குழு சொன்னபடி 1995 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதலில், நீர்வடிப்பகுதிச் சங்கம் தனியாகப் பதிவு செய்யப்பட்ட அமைப்பு. ஊராட்சி தள்ளி நின்றது. 2003-ல் வந்த 'ஹரியாலி' இதைத் தலைகீழாக்கி, வேலையை ஊராட்சியின் கையிலேயே கொடுத்தது. தெருவிளக்கு, குடிநீர், சாலை என்று ஏற்கெனவே சுமை உள்ள ஊராட்சிக்கு, சமமட்ட வரப்பு போடும் தொழில்நுட்பத்துக்குத் தனி ஆள் ஏது? 2006-ல் பார்த்தசாரதி குழு இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. பிறகு 2008-ன் பொது வழிகாட்டுதல் நடுவழியைப் பிடித்தது. குழுவைக் கிராம சபை அமைக்கும். ஆனால் குழு தனியாகப் பதிவாகும், தனி வங்கிக் கணக்கு வைக்கும். குறைந்தது 10 உறுப்பினர்கள். அதில் பாதிப் பேர் சுயஉதவிக் குழு, பயனாளிகள் குழு, பட்டியல் சமூகத்தினர், பெண்கள், நிலமற்றோர் சார்பில் வர வேண்டும்.

ஆக, உங்கள் ஊர்த் திட்டம் எந்த ஆண்டில் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் பதில். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி உண்டு. அங்கே மண் காப்பு மாவட்டங்கள் 1937-ல் தொடங்கின. இன்று சுமார் 3,000 இருக்கின்றன. முடிவெடுப்பது உள்ளூர் விவசாயிகள் அடங்கிய வாரியம். பல இடங்களில் அலுவலகமும் ஊழியர் சம்பளமும் மட்டும் 'கவுன்டி' எனப்படும் உள்ளாட்சியின் பொறுப்பு. உறவு உண்டு, கரைந்துபோவது இல்லை.

என் கருத்தும் அதுதான். சேருங்கள், பணப்பையை மட்டும் ஒன்றாக்காதீர்கள்.

சேர வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. குழுவில் இருந்த இளைஞர்கள் ஓசூர், பெங்களூரு கம்பெனிகளுக்குப் போய்விட, குழு பெயரளவில்தான் இருக்கும். ஊராட்சியோ எங்கும் போகாது. தடுப்பணையின் உபரி நீர் போய்ச் சேரும் ஏரியும், ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால், ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. வரத்துக்கால்வாயை அவர்களும் தடுப்பணையை நீங்களும் தனித்தனியே பார்த்தால் இரண்டும் உருப்படாது.

பணத்தைத் தனியே வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது; 2019 டிசம்பரில்தான் தேர்தல். இடையில் தனி அலுவலர்கள். 2025 ஜனவரியில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களில் மறுபடியும் அதே நிலை. பல ஊர்களைச் சேர்த்துக் கவனிக்கும் அலுவலருக்கு உங்கள் ஓடையின் உடைப்பு எப்போது கண்ணில் படும்? குழுவுக்கென்று தனிக் கணக்கு இருந்தால், மழைக்கு முன்னால் நான்கு ஆளை வைத்து அடைத்துவிடலாம்.

அந்தப் பணம் உங்கள் பணம்தான். 2008 வழிகாட்டுதல்படி, சொந்த நிலத்தில் நடந்த மண், நீர் காப்பு வேலைக்கு விவசாயி 10 சதவிகிதம் பங்களிப்பு கட்ட வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் 5 சதவிகிதம். ரூ.20,000-க்கு வரப்பு போட்டிருந்தால் சிறு விவசாயி ரூ.1,000 கட்டியிருப்பார். இது சேர்வதுதான் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி. பொது நிலத்திலும் பொதுப் பயனுக்காகவும் உருவான பணிகளைப் பராமரிக்கத்தான் இதைச் செலவிடலாம். என் வயல் வரப்பு சரிந்துவிட்டது என்று இதில் கேட்க முடியாது. சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும்.

இனி செய்ய வேண்டியது. வங்கிக்குப் போய் நிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, யார் யார் கையெழுத்துப் போடலாம் என்று பாருங்கள். வெளியூர் போனவர், இறந்தவர் பெயர் இருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது. குழு, சங்கமாகப் பதிவானது என்றால் ஆண்டறிக்கை மாவட்டப் பதிவாளரிடம் போயிருக்க வேண்டும். போகாமல் இருந்தால் அதையும் முடிக்க வேண்டும். திட்டக் கோப்பு ஊரில் கிடைக்கவில்லையென்றால், மாவட்டத்தில் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமையின் அலுவலகத்தில் கேளுங்கள். தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை என்று ஒவ்வொன்றையும் சர்வே எண்ணோடு பட்டியல் எடுத்து, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் இல்லாத தடுப்பணைக்கு எந்தத் திட்டத்திலும் மராமத்துப் பணம் கேட்பது கஷ்டம்.

பிறகு கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலக தண்ணீர் தினம், பொருத்தமான நாள். தீர்மானத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: குழு கிராம சபைக்குக் கணக்கு காட்டும், நிதி தனிக் கணக்கிலேயே இருக்கும், ஆண்டுப் பராமரிப்புப் பட்டியலைக் குழு தரும், பெரிய வேலைகளை ஊராட்சி தன் திட்டத்தில் சேர்க்கும். 'ஆவன செய்யப்படும்' என்று முடியும் தீர்மானத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வையுங்கள்.

ஓடை இரண்டு ஊராட்சிகளைத் தொட்டுப் போனால் ஒவ்வொன்றிலும் தனிக் குழு, தனித் தீர்மானம் வேண்டும். மேட்டு ஊர்க்காரர்களை விட்டுவிட்டுத் தாழ்வான ஊர்க்காரர்கள் மட்டும் தீர்மானம் போட்டால், அடுத்த மழையிலேயே மேலேயிருந்து மண் வந்து சேரும்.