ஜேர்மானிய மாதர் உதைபந்தாட்டம்

1954ஆம் ஆண்டிலே மேற்கு ஜேர்மனியின் ஆடவர் அணி உலகக் கிண்ணத்தை வென்றது. நாடெங்கும் உதைபந்தாட்டப் பித்துப் பரவியபொழுது பெண்களும் பந்தை நாடியதில் வியப்பில்லை. ஆனால், மறு ஆண்டிலேயே அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் அவர்களுக்குத் தடை விதித்தது. எக்கழகமும் மாதர் அணி அமைத்தலாகாது. மைதானத்தை வழங்குதலும் ஆகாது. இவ்வாட்டம் பெண்மையின் நளினத்தைக் கெடுக்கும், உடலுக்கும் உள்ளத்துக்கும் ஊறு செய்யும் என்பன அவர்கள் காட்டிய காரணங்கள். போரில் இடிந்த நகரங்களின் கற்குவியல்களைப் பெண்கள் தம் கைகளாலே அகற்றியபொழுது இந்த அக்கறை எங்கே போயிற்றோ!

பெண்கள் தடையை மீறியும் ஆடினர். 1970இல் அது நீங்கியது. எனினும் பந்து சிறியதாய் இருத்தல் வேண்டும், ஆட்டம் அறுபது நிமிடங்களே, குளிர்காலத்தில் ஆடலாகாது என்ற நிபந்தனைகள் உடன் வந்தன. தேசிய அணி முதன்முதலாகக் களம் கண்டது 1982 நவம்பர் 10ஆம் நாளிலே. கோப்ளென்ஸ் நகரில் சுவிற்சர்லாந்தை 5–1 என வென்றது. மாற்று ஆட்டக்காரியாக இறங்கிய சில்வியா நைட் என்னும் பதினெட்டு வயது மங்கை இரண்டு கோல்களை அடித்தார்.

ஏழாண்டுகளில் ஐரோப்பிய வெற்றிக்கிண்ணம் கிட்டியது. 1989இல் ஒஸ்னாபுறூக் நகரில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, இறுதியாட்டத்தில் நோர்வே 4–1 எனத் தோற்றது. வென்ற வீராங்கனைகளுக்குச் சங்கம் அளித்த பரிசு யாது? ஆளுக்கொரு தொகுதி கோப்பிக் கோப்பைகள்! பீங்கானிலே குற்றமில்லை, அதனைத் தெரிந்தெடுத்த மனப்பாங்கே நம்மை நகைக்க வைக்கின்றது.

அதன்பின் 2013 வரையில் அவ்வணி மேலும் ஏழு முறை ஐரோப்பிய வெற்றி கண்டது. 2003இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் மேலதிக நேரத்தில் நியா கியுன்சர் தலையால் முட்டிய கோல் சுவீடனை வீழ்த்தியது. 2007இல் கிண்ணம் மீண்டும் ஜேர்மனிக்கே. அத்தொடர் முழுவதிலும் அவ்வணிக்கு எதிராக ஒரு கோலேனும் விழவில்லை. இறுதியாட்டத்தில் பிறேசிலின் மார்த்தா அடித்த தண்டனை உதையையும் நடீன் அங்கெறர் தடுத்துவிட்டார்.

தோல்விகளும் உள. 2022இல் வெம்பிளியில் இங்கிலாந்திடம் ஐரோப்பியக் கிண்ணத்தை இழந்தது. 2023 உலகக் கிண்ணத்திலே முதற்சுற்றோடு வெளியேறியது.

கோப்ளென்ஸில் இரண்டு கோல் அடித்த அந்த மங்கை கோப்பிக் கோப்பையும் பெற்றவர். 2007இல் உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் பயிற்றுநரும் அவரே. 2016இல் றியோ நகரின் மறக்கானா அரங்கிலே ஒலிம்பிக் தங்கத்தை வென்றபின் சில்வியா நைட் அப்பதவியிலிருந்து விலகினார்.