கழற்றிப் பூட்டியவருக்கே கணினி: உப்புவெளியில் நாம் தொடங்கக்கூடிய ஒரு கடை

எங்கள் வீட்டு முன்னறையின் மூலையில் ஒரு கணினி பதின்மூன்று வருடமாகத் துணி போர்த்தியபடி இருந்தது. அது மாமாவுடையது. நிலாவெளி வீதியில் அவர் சிறியதாக ஒரு கொமினிகேசன் வைத்திருந்தார். வெளிநாட்டு அழைப்பு, போட்டோக்கொப்பி, கடிதம் தட்டச்சுச் செய்து கொடுப்பது, இவைதான் தொழில். 2007 இல் ஒருநாள் பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டவர் வீடு வந்து சேரவில்லை. கடைச் சாமான்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. கணினியை மட்டும் மாமி யாருக்கும் கொடுக்கவில்லை. "வேலை செய்யாதுதான், இருந்திட்டுப் போகட்டும்" என்பார்.

2020 இல் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரேயொரு தொலைபேசிதான் இருந்தது. அப்போதுதான் அந்தக் கணினியைத் திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. தொலைபேசி திருத்தும் நண்பர் ஒருவரைக் கூட்டிவந்து பெட்டியைக் கழற்றினோம். உள்ளே தூசி, பல்லி முட்டை, செப்புப் பகுதிகளில் பச்சையாகப் படிந்த களிம்பு. பழுதான இன்னொரு கணினியிலிருந்து பவர் சப்ளையை எடுத்துப் பொருத்தினோம். ரேமின் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்த்துத் துடைத்தோம். மதர்போர்டில் இருக்கும் வட்டப் பற்றரியை மாற்றினோம். மூன்றாம் நாள் திரை வெளிச்சமானது. அதில் தெரிந்த திகதி 2003 ஜனவரி 1.

பிள்ளைகளின் வகுப்புக்கு அந்தக் கணினி போதவில்லை. ஆனால் அதன் ஹார்ட் டிஸ்க்கில் மாமா தட்டச்சுச் செய்த கடிதங்கள் இருந்தன. முதலில் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகவே தெரிந்தன. பாமினி எழுத்துருவை நிறுவிய பின்னர் தமிழ் வந்தது. பல கடிதங்கள், காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தரும்படி தாய்மார் சொல்லச் சொல்ல அவர் எழுதிக் கொடுத்த மனுக்கள். மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அந்த மூன்று நாட்களுக்குப் பின்னர்தான், பழைய கணினிகளைத் திருத்தி மக்களிடம் சேர்க்கும் தொண்டர்களைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அவர்கள் செய்வது என்ன, அதை நம் ஊரில் செய்ய என்ன வேண்டும் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

24 மணித்தியாலக் கணக்கு

இந்த முயற்சிகளுள் பரவலாக அறியப்பட்டது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லன்ட் நகரில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஃப்ரீ கீக். வீடுகளும் நிறுவனங்களும் கழித்துவிடும் கணினிகளை அது வாங்கிக்கொண்டது. திருத்தக்கூடியதைத் திருத்தியது, முடியாததைப் பாகம் பாகமாகப் பிரித்து மீள்சுழற்சிக்கு அனுப்பியது. இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் தொண்டர்கள். வருகிறவருக்குக் கணினி பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அங்கிருந்த விதி எளிமையானது. 24 மணித்தியாலம் தொண்டு செய்தவருக்கு ஒரு கணினி. இன்னும் ஆழமாகக் கற்க விரும்புபவருக்கு வேறொரு திட்டம் இருந்தது. ஐந்து கணினிகளைப் பூட்டிக் கொடுத்தால் ஆறாவதைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். காசில்லாதவரும் தன் நேரத்தைக் கொடுத்துக் கணினி பெற முடிந்தது. எடுத்துச் செல்லும் கணினியின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பழுதானால் பயப்படமாட்டார்.

நமக்கு நெருக்கமான உதாரணம் பெங்களூரில் இருக்கிறது. சுதர்சன் லேஅவுட் என்ற குடிசைப் பகுதியில், கர்நாடகாவின் கட்டற்ற மென்பொருள் இயக்கத் தொண்டர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி நிலையத்தை நடத்தினார்கள். நன்கொடையாக வந்த பழைய கணினிகள், இலவச மென்பொருள்கள், வேலை முடிந்து வந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் துறை இளைஞர்கள். இவற்றைக் கொண்டுதான் அங்குள்ள பிள்ளைகள் ஜிம்ப் மென்பொருளில் படம் வரையும் அளவுக்குத் தேறினார்கள்.

ஏன் இப்போது?

இரண்டு காரணங்கள். முதலாவது விலை. 2022 இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிப் பொருளான கணினி நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாததாகிவிட்டது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணிப்புகளின்படி, இலங்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருக்கிறது.

இரண்டாவது காரணம் வெளியிலிருந்து வருகிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஐ நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய புரொசசரும் வேண்டும். 2018 க்கு முந்திய கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தகுதியைப் பெறுவதில்லை. நன்றாக வேலை செய்யும் கணினிகளையே அலுவலகங்களும் ஹோட்டல்களும் வங்கிகளும் இதற்காக மாற்றுகின்றன. அவர்களுக்குக் கழிவாகிப்போன இந்தக் கணினி, உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இன்னும் ஐந்து வருடமாவது உதவும்.

மேசையில் நடப்பது என்ன?

வேலை நான்கு கட்டங்களாக நடக்கும்.

முதலில் தரம் பிரித்தல். வந்த கணினிக்கு ஒரு இலக்கம் கொடுத்து, யார் தந்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று பதிய வேண்டும்.

இரண்டாவது சுத்தம். நம் ஊருக்கு இது முக்கியம். உப்புவெளி என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது. கடற்காற்றில் வரும் உப்புத் துகள்கள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்தும், செப்பை அரிக்கும். கொழும்பில் பத்து வருடம் ஓடும் மதர்போர்ட் கடற்கரையோரம் அதற்கு முன்னரே தகராறு பண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம். மெல்லிய தூரிகையும் ஐசோபுரோபைல் அல்ககோலும் கொண்டு துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் புதியவர்கள் திறக்கக்கூடாது. மின்னைத் துண்டித்த பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

மூன்றாவது திருத்தம். செத்துப்போனதாக ஒதுக்கிய கணினிகளில் பல சின்னக் காரணங்களால்தான் நின்றிருக்கும். சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பற்றரி தீர்ந்திருக்கும், ரேம் சரியாகத் தொட்டிருக்காது, புரொசசரின் மேலுள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கும், கப்பாசிற்றர் வீங்கியிருக்கும். மெதுவாக ஓடும் கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால், பலருக்கு அது அதே கணினிதான் என்று நம்பக் கடினமாக இருக்கும்.

நான்காவது மென்பொருள். இங்கே லினக்ஸ் கைகொடுக்கிறது. லினக்ஸ் மின்ற் 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். அதற்கு அனுமதிப்பத்திரக் காசு இல்லை. லிப்ரே ஒஃபிஸ் தமிழ் இடைமுகத்துடன் கிடைக்கிறது. நம் அலுவலகங்களிலும் தட்டச்சு வகுப்புகளிலும் புழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகையை லினக்ஸிலும் பயன்படுத்தலாம். பயிற்சி பெறுபவர்கள் பாமினியில் இருக்கும் பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றவும் பழக வேண்டும். மாற்றாவிட்டால், போர்க்காலத்தில் நம்மவர்கள் எழுதிய கடிதங்களும் பட்டியல்களும் இன்னும் சில வருடங்களில் யாராலும் வாசிக்க முடியாத கிறுக்கலாகிவிடும்.

அழிப்பதற்கு முன் கேட்க வேண்டும்

உலகெங்கும் இந்தக் கடைகளுக்குப் பொதுவான கட்டாய விதி ஒன்று உண்டு. வரும் டிஸ்க்கிலுள்ள தகவலை முழுமையாக அழிக்க வேண்டும். கோப்பை 'டிலீற்' பண்ணினால் அது அழிவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது அது. பக்கங்கள் அப்படியே இருக்கும். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக ஒருமுறை மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டியில் மேலெழுதுவதை முழுதாக நம்ப முடியாது. அதற்கென்று அந்த டிஸ்க்கிலேயே உள்ள அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அடையாள அட்டை இலக்கம், வங்கி விபரம், குடும்பப் படங்கள் பிறர் கைக்குப் போகாமல் இருப்பதற்கு இதுதான் வழி. இதில் ஒருமுறை நம்பிக்கை கெட்டால் அதன்பின் யாரும் அந்தக் கடைக்குக் கணினி தரமாட்டார்கள்.

நம் ஊரில் இதற்கு முன்னால் இன்னொரு விதி வேண்டும் என்று நினைக்கிறேன். தருபவரிடம் கேட்க வேண்டும்: "இதற்குள் உங்களுக்கு வேண்டிய ஏதாவது இருக்கிறதா?" இடம்பெயர்வும் சுனாமியும் கடந்து வந்த பல வீடுகளில் அல்பம் கிடையாது. காணாமலாக்கப்பட்ட ஒருவரின் கடைசிப் படம் ஸ்ரூடியோக்காரரின் பழைய கணினியில் கிடக்கலாம். கொமினிகேசன் கடைகளின் டிஸ்க்குகளில், கொடுத்தவர்களிடமே பிரதி இல்லாத முறைப்பாடுகள் இருக்கலாம். ஆகவே டிஸ்க்கை உரியவரின் முன்னிலையில் திறக்க வேண்டும். அவர் கேட்பதைப் பிரதி எடுத்துக் கொடுத்து, அவருடைய கையெழுத்தை வாங்கிய பின்னரே அழிக்க வேண்டும். தொண்டர்கள் தாங்களாக எதையும் திறந்து பார்க்கக்கூடாது. எங்கள் மூலையிலிருந்த கணினியை யாராவது நல்லெண்ணத்தோடு வாங்கிப்போய் அழித்திருந்தால், மாமாவின் கடிதங்களை மாமி ஒருபோதும் கேட்டிருக்கமாட்டார்.

கழிவு எங்கே போகும்?

2022 இல் உலகம் 6.2 கோடி தொன் மின்னணுக் கழிவை உருவாக்கியதாகவும், அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருப்பதாகவும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. பழைய பெட்டித் திரைகளின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. வயரை எரித்துச் செப்பு எடுக்கும்போது வரும் புகை நஞ்சு. இலங்கையில் 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் மின்னணுக் கழிவைப் பட்டியலிடப்பட்ட கழிவாக வகைப்படுத்துகின்றன. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளரிடமே அதைக் கொடுக்க வேண்டும். தொண்டர் கடை தொடங்குபவர்கள் முதல் நாளிலேயே அப்படியான ஒருவருடன் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடையின் பின்வளவு ஒரு வருடத்தில் குப்பைமேடாகிவிடும். 'நன்கொடை' என்ற பெயரில் வெளிநாட்டிலிருந்து வரும் பழுதான கொள்கலன்களை மறுக்கவும் துணிவு வேண்டும்.

ரிப்பன் வெட்டிய கணினிகள்

நமக்குக் கணினி தரப்படாமல் இல்லை. சுனாமிக்குப் பின்னரும் 2009 க்குப் பின்னரும் தொண்டு நிறுவனங்கள் தந்தன. அரசாங்கத்தின் நெனசல நிலையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. அந்தத் திட்டம் 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருதையும் பெற்றது. ஆனால் ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துத் திறந்த அறை, இரண்டு வருடத்தில் பூட்டோடு கிடப்பதை நான் செய்தி சேகரிக்கப் போன கிராமங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். "ஒன்று பழுதாச்சு, பார்க்க ஆளில்லை. பிறகு மற்றதும் பழுதாச்சு." கணினி வந்த லொறியில் அதைத் திருத்தத் தெரிந்த ஆள் வரவில்லை.

திருத்துவது நமக்குப் புதிதல்ல. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்துப் பரீட்சை எழுதினார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அன்று தடையால் வந்த பழக்கத்தை இன்று ஒரு தொழிலறிவாக நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

உப்புவெளியில் தொடங்க அதிகம் வேண்டியதில்லை. ஒரு சனசமூக நிலைய அறை, உறுதியான இரண்டு மேசை, ஸ்குரூ ட்ரைவர்கள், ஒரு மல்ரிமீற்றர், வாரத்தில் இரண்டு பின்னேரம் வரக்கூடிய மூன்று பேர். கடற்கரையோர ஹோட்டல்களிடமும் அலுவலகங்களிடமும் முதல் பத்துக் கணினிகளைக் கேட்கலாம். பெண் பிள்ளைகளும், தனியே குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்களும் இருட்டுமுன் வீடு திரும்பக்கூடியதாக நேரத்தை வைக்க வேண்டும். மூதூர், சம்பூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குப் பஸ் காசுக்கு ஒரு வழி பார்க்க வேண்டும். கணினியை யாருக்கும் சும்மா கொடுக்காமல், கழற்றிப் பூட்டியவருக்கே கொடுக்க வேண்டும்.

மாமாவின் கணினியை இப்போது நாங்கள் தினமும் பயன்படுத்துவதில்லை. கடிதங்களை யுனிகோடுக்கு மாற்றி மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். அன்று பக்கத்தில் நின்று ஸ்குரூ எடுத்துத் தந்த தங்கையின் மகன் இப்போது தெருவில் யாருடைய மடிக்கணினி நின்றாலும் போய்க் கழற்றிப் பார்க்கிறான். மாமி அவனுக்கு ஒரு ஸ்குரூ ட்ரைவர் செற் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.