கப்பலின் கண்

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம் உள்ளது. விடுதலை பெற்ற இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான ‘அஜய்’ 1961ஆம் ஆண்டு இங்கிருந்தே கடற்படைக்கு வழங்கப்பட்டது.

போர்க்கப்பலின் மேல் உயர்ந்து நிற்பது கட்டளை மாடம். பழந்தமிழர் மீகாமன் என்றழைத்த கப்பல் தலைவர் அங்கிருந்தே கடலை நோக்கி ஆணையிடுவார். அம்மாடம் ஏன் உயரத்தில் அமைகிறது? பூமி உருண்டை, ஆதலால் உயரம் கூடினால் பார்வையின் எல்லையும் விரியும். கடல்மட்டத்திற்கு மேல் 4 மீட்டர் உயரத்திலிருந்து காண்போருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவு. 16 மீட்டர் உயரத்தில் 14 கிலோமீட்டர்.

நீர்மூழ்கிக் கப்பலின் முதுகிலும் சிறு கோபுரம் உண்டு. அதிலிருந்து பெரிஸ்கோப் என்னும் நீண்ட குழாய் நீருக்கு மேல் எழும். கப்பல் மறைந்திருக்க, கண் மட்டும் வெளிவரும். அக்கண்ணைப் பகைவரும் காணக்கூடும். எனவே பார்த்தவுடன் அது உள்ளிழுக்கப்படும்.