தோட்டா கிடைக்காத துப்பாக்கி

திருவனந்தபுரத்துப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டபடியே இங்கே சாயா குடிக்கலாம். இந்தக் கோவில் ராணுவத்தின் பொறுப்பில் இருப்பது. திருவிதாங்கூர் நாயர் பட்டாளம் கும்பிட்ட சாமி. அந்தப் படை மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தபோது சாமியும் கூடவே போய்விட்டார். ஆகவே துப்பாக்கிப் பேச்சுக்கு இது தோதான தெருதான்.

பேச்சைக் கிளப்பியது காட்டுப்பன்றி. வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு கட்டுக்குள் வந்தது. ஆனால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. லைசென்ஸ் உள்ளவர்களைத் தேடினார்கள். பழைய ரைஃபிள்கள் அலமாரியை விட்டு வெளியே வந்தன. துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது, தோட்டாவுக்குத்தான் அலைச்சல். "கிடைக்கிற தோட்டா நுழையும்படி உள்ளே கொஞ்சம் கடைந்துவிட்டால் என்ன?" என்று யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மெதுவாகவே பார்ப்போம்.

நாம் தோட்டா என்று சொல்வதில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: பறந்து போகும் குண்டு, அதைத் தள்ளும் மருந்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு, இவற்றை அடக்கிவைக்கும் பித்தளைக் கூடு. குழலின் பின்முனையில் இந்தக் கூடு உட்காரும் இடத்துக்கு சேம்பர் என்று பெயர். அந்த இடத்தை வேறொரு தோட்டாவின் வடிவத்துக்குக் கடைவதுதான் நாம் பேசும் வேலை.

எல்லாரும் தடுக்கி விழுவது எண்ணில். .315, .303, .308 என்றெல்லாம் சொல்கிறோமே, அது தோட்டாவின் அளவு என்று நினைக்கிறோம். அது குழலின் துளையையோ குண்டின் பருமனையோ அங்குலத்தில் ஏறக்குறையச் சொல்வது. கூட்டைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. பேனா ரீஃபிலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரீஃபிலின் முனையும் ஒரே பருமன். ஆனால் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இந்தப் பேனாவில் அது பொருந்தாது. .30-06, .308 இரண்டிலும் குண்டு ஒரே 7.8 மில்லிமீட்டர்தான். கூடு மட்டும் ஒன்றில் 63 மில்லிமீட்டர், மற்றதில் 51.

இப்போது கடைசலுக்கு வருவோம். இரும்பை எடுக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது. அதனால் புதிய கூடு பழையதைவிட எல்லாப் பக்கமும் பெரிதாக இருந்தால் மட்டுமே வேலை நேராக முடியும். அமெரிக்காவில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .300 தோட்டாவுக்குச் செய்த ரைஃபிள்கள் பலவற்றை .300 வெதர்பிக்கு இப்படித்தான் மாற்றினார்கள். திரும்பிப் போக வழியில்லை. .30-06 ரைஃபிளில் .308 வேண்டுமென்றால் குழலின் பின்பக்கத்தையே வெட்டி, மரை போட்டு, புதிதாகக் கடைய வேண்டும். பாதிப் பேருக்கு அதைவிடப் புதுக் குழல் மலிவு.

சேம்பர் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் என்ன? சுடும்போது பித்தளை உப்பிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்னால் வராமல் அடைப்பது அந்த ஒட்டல்தான். சுவர் தள்ளி இருந்தால் பித்தளை கிழியும். கிழிந்தால் கொதிக்கும் வாயு சுடுகிறவரின் முகத்தைத் தேடி வரும்.

நம் ஊர் .315க்கு இன்னொரு சிக்கல். அதன் கூட்டின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அது குழலின் பின்முனையில் தட்டித்தான் தோட்டா நிற்கிறது; அதைப் பிடித்துத்தான் பின்வாயை மூடும் போல்ட் கூட்டை வெளியே இழுக்கிறது. விளிம்பில்லாத புதுத் தோட்டாவுக்கு போல்ட், மேகசின் எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும். சரி, வைத்தாயிற்று என்றே கொள்வோம். புதுத் தோட்டாவின் கூடுதல் அழுத்தத்தை என்ன செய்வது? 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலை .303 என்ஃபீல்டின் அமைப்பிலேயே 7.62 மில்லிமீட்டர் (ஏறக்குறைய .308) ரைஃபிள் செய்தது. கைவசம் பழைய .303கள் நிறையவே இருந்தன. அவற்றைக் கடைந்து விடவில்லை. இன்னும் உறுதியான எஃகில் புதிதாகச் செய்தார்கள். அரசுத் தொழிற்சாலையே துணியாததை முக்கு லேத் பட்டறையில் கேட்கிறோம்.

இந்தத் தட்டுப்பாடே சட்டம் பெற்ற பிள்ளை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டாளத்துத் தோட்டா குடிமக்கள் கையில் சேரக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு நினைத்தது. .303 கிடையாது என்றானது. அந்த இடத்துக்கு ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் தோட்டா .315 என்ற பெயரில் வந்து உட்கார்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450ஐயும் தடுத்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சளைக்கவில்லை, இந்தியச் சந்தைக்காகவே .465, .470 என்று புதிது புதிதாக இறக்கின. உலகத்து யானை வேட்டைக்காரர்கள் அப்புறம் தூக்கித் திரிந்தவற்றில் சில, நம் நாட்டுத் தடைக்குப் பிறந்தவை.

அந்தப் பழைய கண்டிப்பின் தொடர்ச்சிதான் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் அதன் 5ஆம் பிரிவு தனி லைசென்ஸ் கேட்கிறது. கைதேர்ந்த ஆள் ஒருவர் எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்து தந்தார் என்றே வைத்துக்கொள்வோம். தோட்டாக் கடைக்காரர் துப்பாக்கியின் சேம்பரைப் பார்த்துத் தோட்டா தருவதில்லை. லைசென்ஸில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துத் தருகிறார். அதில் இன்னும் .315 என்றுதான் இருக்கும்.